அனந்தகிரி ஏறிய டோரிஸின் ஜீப்

சிகந்தராபாத்தில் டோரிஸைத் தெரியாதவர்களுக்குக்கூட அவள் ஜீப்பைத் தெரியும். ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வில்லிஸ் ரக ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் சேறு, பாறை எதற்கும் அசராது. தார்ச்சாலைக்கு வந்தால்தான் அதன் குணம் மாறும். நேரே போகச் சொன்னால் இடப்பக்கம் ஒதுங்கும். திருப்பினால் வலப்பக்கம் பாயும்.

டோரிஸ் சனத்நகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கணவன் தனசிங் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரண்டு குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கம். ஏலத்தில் வண்டியை எடுத்தவன் தனசிங். ஓட்டக் கற்றுக்கொண்டவள் டோரிஸ். அவனுக்கு எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் போதும். அவளுக்கு வேகம் வேண்டும்.

எழுபத்துநாலில், விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலைச்சாலையில் பழைய ஜீப்புகளுக்கு ஒரு பந்தயம் வைக்கப்போவதாக ஊரிலிருந்த மோட்டார் கிளப் ஒன்று அறிவித்தது. கீழிருந்து உச்சிக்கு யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்பதுதான் போட்டி. டோரிஸ் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"யார் ஓட்டப்போறா?" என்றான் தனசிங்.

"நான்தான். நீங்க பக்கத்துல உக்காந்து என்னைப் பயமுறுத்தாம வந்தாப் போதும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் போவன்பள்ளி சாலையில் ஒத்திகை பார்க்கப் போனார்கள். வேகம் ஏறியது. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்து எழுந்ததுதான் தாமதம், இரண்டு முன்சக்கரங்களும் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதற ஆரம்பித்தன. ஸ்டியரிங் அவள் கைகளை உதறித் தள்ளியது. முட்டைக்கோஸ் ஏற்றிய கைவண்டிக்கு ஒரு முழ தூரத்தில் ஜீப் நின்றபோது, வண்டிக்காரர் தெலுங்கில் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். டோரிஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். கண்கள் மின்னின.

"ஏங்க, இதைச் சரிபண்ணிட்டோம்னா இந்த வண்டி பறக்கும்."

தனசிங் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சனத்நகரில் பட்டறை வைத்திருந்த அப்துல் ரஹீம் அவர்களுக்குப் பழக்கம். ஆம்பூரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவன். பேச்சில் இரண்டு ஊரும் இருக்கும். ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது என்று அவனும் தனசிங்கும் முடிவுகட்டி, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து முன்ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தார்கள். டோரிஸ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள்.

"இப்ப வளைவுல தவளை மாதிரித் தத்துது. முன்னாடியே தேவலை."

"கைக்கு, ஏன் அக்கா அப்படிச் சொல்றீங்க? புதுப் பட்டையாச்சே" என்றான் ரஹீம். பிறகு தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான். "ஹவ், ஆமாக்கா. தப்புப் பண்ணிட்டோம்."

மூவரும் டீ குடித்தபடி யோசித்தார்கள். ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பும்வரை சக்கரத்துக்குச் சேதியே போவதில்லை என்று டோரிஸ் சொன்னாள். அப்படியானால் சேதி எங்கே தொலைகிறது? அவள் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெல்ல ஆட்ட, ஆண்கள் இருவரும் வண்டிக்கடியில் படுத்தார்கள். ஸ்டியரிங்கையும் சக்கரங்களையும் நடுவில் இணைக்கும் முழங்கை போன்ற இரும்பு, தன் அச்சில் லொடலொடவென்று ஆடியது. தனசிங் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்கினான். அதுவும் ஆடியது.

"அகப்பட்டுக்கிட்டான்" என்று கத்தினான் ரஹீம்.

அதன் பிறகு வேலை சூடுபிடித்தது. அந்த முழங்கை இரும்பின் அச்சில் தேய்ந்துபோன புஷ் வளையத்துக்குப் பதில் ரஹீமின் கடைசல் எந்திரத்தில் தனசிங் பித்தளையில் புதிது கடைந்தான். சக்கரம் திரும்பும் முட்டியில் பேரிங் மாற்றி, ஆட்டம் போக இறுக்கினார்கள். சேர்த்த பட்டையைக் கழற்றி எறிந்தார்கள். திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வரவேண்டும் என்று, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆப்பு வைத்து அச்சைக் கொஞ்சம் சாய்த்தார்கள். சேற்றுக்கான முரட்டு டயர்கள் போய், சாலை டயர்கள் வந்தன. நூல் பிடித்து இரண்டு முன்சக்கரங்களையும் நேர் செய்தது டோரிஸ்.

மல்லாபூர் பக்கம் ஆளில்லாத சாலையில் அவள் வேகம் எடுத்தாள். முன்பு உதறிய வேகம் வந்தது, கடந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். ஜீப் கோடு போட்ட மாதிரி நேரே போனது. பின்னால் உட்கார்ந்திருந்த ரஹீம் எழுந்து நின்று விசிலடித்தான். தனசிங் வாய்விட்டுச் சிரித்தான்.

பந்தயத்தன்று அனந்தகிரியில் தூறல். வளைவுகளில் குடைபிடித்துக் கூட்டம் நின்றது. கொடி அசைந்ததும் டோரிஸ் பாய்ந்தாள்.

"நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி போடு" என்றான் தனசிங்.

"தாரு ரோட்டுல நக்கோ, வேணாம். போட்டா வளைவுல திரும்பாம வெளிய தள்ளும்."

முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் அவள் நினைத்த இடத்தில் திரும்பியது. இரண்டாவதில் அவள் நினைப்பதற்கு முன்பே திரும்பியதுபோல் இருந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் செம்மண் வழிந்து சாலையை மூடியிருந்தது. வண்டியை நேராக்கி, அவள் கியருக்குப் பக்கத்திலிருந்த நெம்புகோலைத் தள்ளினாள். நான்கு சக்கரங்களும் மண்ணைக் கவ்வின. மேலே கூட்டம் ஆரவாரித்தது தனசிங்குக்குக் காதில் விழவில்லை, அவனே கத்திக்கொண்டிருந்தான்.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலில் வந்த ஓய்வுபெற்ற மேஜர், கோப்பையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஈரத் தரையில் முழங்காலிட்டு டோரிஸின் ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தார். உச்சியில் கூட்டத்தோடு காத்திருந்த ரஹீம் ஓடிப்போய் அவர் பக்கத்தில் படுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

மறுநாள் அலுவலகத்தில் டோரிஸுக்குத் தோள் தூக்க முடியவில்லை. டைப் மெஷினில் விரல்கள் தடுமாறின. மேலதிகாரி வேதாசலம் தட்டச்சுக்குக் கொடுக்க வந்த காகிதங்களை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கெடக்கட்டும்மா. அந்த ரெண்டாவது வளைவைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க, எப்படின்னு சொல்லுங்க."

டோரிஸ் நிமிர்ந்து, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டினாள்.