பண்டலின் பின்னால் நடந்த செல்வராணி

செல்வராணி போய்விட்டார்.

காலையில் சந்திரிகா போன் பண்ணினார். எங்கள் பழைய கார்மென்ட் பெக்டரியில் கொலர் தைத்தவர். "மிஸ்... மிஸ்..." என்று அழுதார். செல்வராணியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

சுகமில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

வத்தேகமப் பக்கம் இருந்த அந்தப் பெக்டரியில் செல்வராணி மூன்றாம் தையல் லைனுக்கு சுப்பர்வைசர். நான் வேர்க் ஸ்டடி ஒபிசர். யார் எத்தனை நொடியில் தைக்கிறார்கள் என்று ஸ்டொப்வொட்ச் வைத்து எழுதுகிற வேலை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

நான் சேர்ந்த முதல் கிழமை. சந்திரிகாவின் பின்னால் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்ததில் ஊசி உடைந்தது.

செல்வராணி வந்து புது ஊசி மாட்டிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. நீங்க பின்னால நின்னா இந்தப் பிள்ளைக்குக் கை ஓடாது. நேரம் பாக்கணும்னா துணி பண்டலுக்குப் பாருங்க."

"பண்டல் தைக்குமா?" என்றேன். கிண்டலாகத்தான்.

"தைக்காது சேர். அது சும்மா கெடக்குது. அதத்தான் யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க."

எல்லாருக்கும் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்போதுதான் ஒரு ஷேர்ட் ஓர்டர் இழுத்துக்கொண்டு நின்றது. கப்பல் ஏற்றும் திகதி நெருங்குகிறது. பாதிகூட முடியவில்லை.

மெனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டார்கெட்டைக் கூட்டப் போகிறாராம். ஞாயிறும் வேலையாம். வேகம் போதாத ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், நாளைக் காலை பெயர் லிஸ்ட் மேசையில் இருக்க வேண்டும் என்றார்.

அந்த ஆறு பேரில் சந்திரிகாவும் வருவார் என்று என் கையிலிருந்த நேரக் கணக்குப் பேப்பரே சொன்னது.

மறுநாள் செல்வராணி லிஸ்ட்டைக் கொடுத்தார். முழுத் தாளில் ஒரே ஒரு பெயர். 'பட்டன்ஹோல் மெசின்', ஷேர்ட்டில் பட்டனுக்கு ஓட்டை போடுகிற மெசின்.

"என்ன இது, விளையாட்டா?" மெனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இல்ல சேர். எங்க லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் இந்த ஒரு மெசின்தான். பிள்ளைங்க எவ்வளவு வேகமாத் தச்சாலும் இதுக்கு முன்னால வந்துதான் குவியுது. எங்களுக்கு ஒரு நாள் குடுங்க. ஒரு பண்டலுக்குப் பின்னால நாங்க ரெண்டு பேரும் நடந்து பாக்கிறோம். அதுக்கப்புறம் யார நிறுத்தணுமோ நிறுத்துங்க, என்னையும் சேத்து."

நாங்க ரெண்டு பேரும்... என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மெனேஜர் ஒரு நாள் கொடுத்தார்.

ஷேர்ட்டின் முன்பக்கத் துண்டுகள் முப்பது கட்டிய ஒரு பண்டல். செல்வராணி அதில் சிவப்பு நாடா கட்டினார். அது போகும் இடமெல்லாம் போனோம். அது நின்றால் நாங்களும் நின்றோம். நின்றோம்... நின்றுகொண்டே இருந்தோம்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே பட்டன்ஹோல் மெசினுக்கு வந்த பண்டல், பின்னேரம் மணி அடிக்கும்போதும் அங்கேயே கிடந்தது. மெசின் ஓட்டுகிறவர் டீக்குப் போனால் மெசின் நின்றது. நூல் எடுக்க எழுந்து போனாலும் நின்றது.

என் ஸ்டொப்வொட்ச் இதை ஒரு நாளும் காட்டியதில்லை.

அடுத்த நாளே மாற்றினோம். அந்த மெசின் மட்டும் நிற்கவே கூடாது. டீ நேரத்தில் வேறு ஒருவர் உட்காருவார். நூல் கைக்கே வரும். பண்டலில் முப்பதுக்குப் பதில் பத்துத் துண்டு, முப்பதும் தைத்து முடியும்வரை அடுத்தவர் காத்திருக்கத் தேவையில்லை.

முதல் நாள் பெரிய குழப்பம். சின்னப் பண்டல்களுக்கு இலக்கம் எழுதியது நான். பிழையாக எழுதிவிட்டேன். வெளிர்நீல உடம்புக்குக் கடும்நீலக் கை தைத்து ஒரு குவியல் ஷேர்ட்!

மெனேஜர் வந்து யார் செய்தது என்று கேட்டார். நான் இலக்கம் எழுதிய தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"லைன் என்னோடது சேர். நான் பாத்திருக்கணும்" என்றார் செல்வராணி. பகல் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து தையல் பிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

கிழமை முடிவதற்குள் பட்டன்ஹோல் மெசினுக்கு முன்னால் தரை தெரிந்தது. ஓர்டர் திகதிக்குப் போனது. ஞாயிறு வேலை இல்லை. ஒருவரையும் நிறுத்தவில்லை.

எப்படி இது உங்களுக்குத் தோன்றியது என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"எங்கம்மா ஹேவாஹெட்டயில தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. கை அப்படி ஓடும். ஆனா நிறுக்கிற எடத்துல கூடையோட வரிசையில நிப்பாங்க பாருங்க... பாதிப் பொழுது அதுலயே போயிரும். பேச்சு வாங்குறது மட்டும் கை மெதுவுன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். படம், கோடு எல்லாம் போட்டு நான்தான் விளக்கினேன். யாருடைய யோசனை என்று கேட்டார்கள்.

"நாங்கள் செய்தோம்" என்றேன்.

சான்றிதழ் என் பெயரில் வந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலையும் கிடைத்தது.

நான் விலகிப் போகும் அன்று மூன்றாம் லைனே சேர்ந்து கேக் வெட்டியது. செல்வராணிதான் ஏற்பாடு. "நல்லா வருவீங்க சேர்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

பத்துத் துண்டுப் பண்டல் என் யோசனை இல்லை. அந்த மெசினைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. இரண்டும் செல்வராணி.

நாளைக்கு வத்தேகமவில் செல்வராணியின் வீட்டுக்குப் போகிறேன். அவருடைய மகளிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

போய்ட்டு வாங்க செல்வராணி.