மூடியும் மணிக்கட்டும்

"எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டு, கடைசியிலதான என்னைக் கூப்பிடுவீங்க?"

மெஷினக்கா தினமும் பாடுகிற பாட்டு இதுதான். கடை ஷட்டரைத் தூக்கும்போது தெருவைப் பார்த்துச் சொல்வார். போன் அடித்தால் ஹலோவுக்குப் பதில் இதைத்தான் சொல்வார். சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடமும் சொல்வார். பஸ் ஓட்டுகிற மனுஷர் அவர். நான் எப்ப உன்னைக் கூப்பிட்டேன் என்று முணுமுணுத்தபடி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. சொந்த மெஷினைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார். மூன்று ஸ்குரூ மிச்சமானது. அந்த மெஷின் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மழைக்காலத்தில் அக்கா யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் மெஷினோடு சேர்ந்து உருண்டு, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் அந்தப் பாட்டு கேட்கவில்லை. கட்டைப் பிரித்தால், கை காய்ந்த குச்சி மாதிரி இருந்தது. டீ டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பியது. புருஷன் அதைப் பார்த்தார். அக்காவிடம் கேட்காமலேயே, போன் கவர் விற்கிற ஒரு பையனிடம் கடையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவன் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையைப் பார்க்க வருகிறான் என்ற செய்தி அக்காவுக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியவந்தது.

"ஒரே ஒரு மெஷின் பாத்துட்டு வரேன். என் கையால முடியலைன்னா சாவிய நானே குடுத்துடறேன்" என்றார்.

அந்த ஒரு மெஷின் அடுத்த தெருவில், ஆபீசர் வீட்டில் இருந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை. அடியில் இருக்கிற ஃபில்டர் மூடியைத் திறக்கலாமென்றால் அது அசையவில்லை. இரண்டு நாளாகத் துணி உள்ளேயே ஊறிக்கிடக்கிறது என்று ஆபீசரின் மனைவி போனில் புலம்பியிருந்தார்.

உள்ளே நுழைந்ததுமே, "லேசாத் திருகிப் பாத்தேன், வேற ஒண்ணும் பண்ணல" என்றார் ஆபீசர். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் பதில் சொல்கிறவரை நம்பக் கூடாது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் நினைப்பெல்லாம் கையிலேயே இருந்ததால், அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் அடியிலிருந்த சின்னக் கதவைத் திறந்து, பக்கத்திலிருந்த மெல்லிய டியூபை இழுத்துத் தட்டத்தில் விட்டார். அழுகின நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வந்தது. ஆபீசரின் மனைவி மூக்கைப் பொத்தியபடி ஐந்து தட்டம் கொண்டுபோய்க் கொட்டினார்.

அப்புறம் மூடி. கட்டிங் பிளேயர் கடித்த தழும்பு அதில் நன்றாகத் தெரிந்தது. அக்கா ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். முதலில் ஒரு நூல் அளவு இறுக்குவது, பிறகு இடப்பக்கம் தளர்த்துவது அவர் வழக்கம். இறுக்கப் பார்த்தார். அசையவில்லை. தளர்த்தப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஒரு வலி. விரல்கள் தானாக விட்டுவிட்டன. கையை மடிக்குள் மறைத்துக்கொண்டு, மூடியை ஆராய்கிறவர் மாதிரி குனிந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

பெரிய ஸ்பேனர் எடுத்து வரட்டுமா என்றார் ஆபீசர். மூடி உடைந்தால் பம்பையே மாற்ற வேண்டியிருக்கும், கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார் அக்கா.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினார். படக் என்று ஒரு சத்தம். எலும்பா, மூடியா? விரல்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். மடங்கின. மூடியிலும் விரிசல் இல்லை. தரையில் ஒரு சின்னத் துண்டு கிடந்தது. சாம்பல் நிறம், பல் மாதிரி கெட்டி. டார்ச் அடித்துப் பார்த்தால் மூடியைச் சுற்றி அதே சாம்பல் வளையம்.

"சார், இது என்ன?"

ஆபீசர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி ஆபீசரைப் பார்த்தார்.

"சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. குழாய்ல ஓட்டை அடைக்கிற பசை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதைப் பிசைஞ்சு..."

"ஏங்க, ஆபீஸ்ல ஃபைல மூடுற மாதிரி இதையும் மூடிட்டீங்களா?" என்றார் மனைவி.

தப்பு கையில் இல்லை என்று அக்காவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே மறுபடி மூடியைப் பார்த்தார். பசையைச் சுரண்டி எடுத்த பிறகும் மூடி திரும்பாவிட்டால் சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அப்போது தப்பு கையில்தான்.

வெந்நீர் வைக்கச் சொன்னார். "நீங்க பூசினது சார். நீங்களே துணியப் பிழிஞ்சு குடுங்க." ஆபீசர் சூடு தாங்காமல் கையை உதறி உதறிப் பிழிந்து கொடுக்க, அக்கா அதை மூடிமேல் ஒற்றி ஒற்றிப் பிடித்தார். பசை கொஞ்சம் இளகியதும் கோணி ஊசியால் கீறிக் கீறி எடுத்தார். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் கிழியும். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கடைசித் துணுக்கு வரும்போது மணி நாலரை தாண்டியிருந்தது.

மறுபடி வலது கை. ஒரு நூல் இறுக்கினார். இடப்பக்கம் திருப்பினார். வலி வந்தது. இந்தத் தடவை விரல்கள் விடவில்லை. மூடி கறகறவென்று கால் சுற்று சுற்றியது, அப்புறம் அரைச் சுற்று. கலங்கல் தண்ணீரோடும், ஃபில்டரை அடைத்திருந்த நூல்கற்றையோடும் கையில் வந்து விழுந்தது.

மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு கொண்டை ஊசி நசுங்கி ஒட்டியிருந்தது. ஒழுகினதற்குக் காரணம் அதுதான். கடைசியாக ஃபில்டரைக் கழுவி மாட்டியது யார் என்று அக்கா கேட்டார். இப்போது மின்விசிறியைப் பார்ப்பது மனைவியின் முறை. ஆபீசர் ஒரே ஒரு தடவை இருமினார்.

அக்கா கடைக்கு வந்தபோது, போன் கவர் பையன் டேப்பை நீட்டி அலமாரியை அளந்துகொண்டிருந்தான். மறுமுனையைப் பிடித்திருந்த புருஷன், அக்காவின் வலது கையைப் பார்த்தார். வீங்கித்தான் இருந்தது. அந்தக் கையாலேயே பூட்டில் தொங்கிய சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார் அக்கா.

"எல்லாத்தையும் அளந்து பாத்துட்டு, கடைசியிலதான் என்னைக் கேப்பீங்களா?"

புருஷன் தன் பக்கத்து டேப்பை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு பையன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடை இன்னும் அதே இடத்தில், மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. மூடி சிக்கினால் பிளேயரைத் தேடாதீர்கள், முதலில் போய் அவரைப் பாருங்கள். எதையாவது பூசியிருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினை மட்டும் தூக்கச் சொல்லாதீர்கள்.