தன்னம்பிக்கைப் புத்தகத்துக்குள் ஒரு டேங்கர் லாரி

புத்தகம் ஒட்டுகிற மைதாப் பசையில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு வாசனை வரும்... லேசாகப் புளிப்பு, லேசாகக் கசப்பு. எனக்கு அதுதான் முதல் வேலையின் வாசனை.

திருநின்றவூரில் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட் பின்பக்கம் நடந்தால் எங்கள் பிரஸ். பூந்தமல்லி பாய் ஒருவர் நடத்தினார். அச்சடிப்பதும் அவர்தான், பதிப்பகமும் அவர்தான். நான் டிடிபி, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது. புத்தகம் கட்டுவது தேசிங்கு அண்ணன்.

பாயின் ஆஸ்தான எழுத்தாளர் மங்கை மேடம். முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. எதைக் கேட்டாலும் எழுதுவார். இன்டர்வியூவில் பேசுவது எப்படி, சர்க்கரைக்காரர்களுக்குச் சமையல், ஞாபகசக்தி, மாடித் தோட்டம்... பாய் கேட்க வேண்டியதுதான், மழைக்காலம் முடிவதற்குள் கையெழுத்துப் பிரதி வந்துவிடும்.

யாரும் கேட்காமல் அவர் எழுதியது ஒன்றே ஒன்று. ஏரிப் புத்தகம். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் கழிவை ஊற்றிவிட்டுப் போகிற டேங்கர் லாரிகளைப் பற்றி. லாரிகளின் பின்னால் ஸ்கூட்டியில் போய், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தான் வேலை பார்த்த லேபிலேயே பரிசோதித்து எழுதினார். அதை எழுதப் போய்த்தான் அவருடைய லேப் வேலை போயிற்று. அதன் பிறகு அடுப்பு எரிந்ததே தன்னம்பிக்கைப் புத்தகங்களால்தான்.

அந்த ஏரிப் புத்தகத்தை ஒரு கடைக்காரரும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் திரும்பி வந்து, கட்டுக் கட்டாக மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அங்கே குனிந்துதான் போக வேண்டும். மேடம் ப்ரூஃப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

"கலாம்மா, மேடம் மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் வெச்சிருந்தேன். இனிமே இடம் இல்ல. வெள்ளிக்கிழம பழைய பேப்பருக்கு வண்டி வருது" என்றார் பாய். மேடத்திடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

அந்த வாரம்தான் ஆவடியிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வந்தார். கையில் மேடத்தின் தன்னம்பிக்கைப் புத்தகம். என் மேஜையில் அதை வைத்தார்.

"இன்னா மேடம் இது... கம்பெனில டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ கீது, தைரியமா பேசலாம்னு வாங்குனேன். நல்லா போய்கினே இருந்துச்சு. திடீர்னு டேங்கர் லாரி வருது, ஏரில குழாய உடறான். பதினாறு பக்கம் கயிச்சி, மறுபடியும் கண்ணாடி முன்னாடி நின்னு சிரின்றாங்க."

தேசிங்கு அண்ணன் வாங்கிப் புரட்டினார். முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

விஷயம் இதுதான். அச்சான பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் ஒரு ஃபாரம். எது எந்தப் புத்தகத்தின் ஃபாரம் என்று தெரிய, அடியில் பொடி எழுத்தில் குறி போடுவோம். மற்ற இடங்களில் புத்தகப் பெயர் போடுவார்கள். எங்கள் பிரஸ் வழக்கம், எழுத்தாளர் பெயரின் முதல் எழுத்து. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தானே ஓடும் என்கிற தைரியம். மேடத்துக்கு அந்த முறை இரண்டு ஓடியது. இரண்டிலும் "ம-4". இதன் நான்காவது ஃபாரம் அதற்குள், அதனுடையது இதற்குள். படிக்கட்டுக்குக் கீழே கிடந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால், லாரி நம்பரைக் குறித்துக்கொள்கிற இடத்தில் "உங்களை நீங்களே பாராட்டுங்கள்" என்று இருந்தது. ஏரிப் புத்தகத்தைத்தான் யாரும் பிரிக்கவே இல்லையே, யார் சொல்வார்கள்?

பாய் பதறிப்போய், அடுத்த அச்சில் வந்த நல்ல பிரதியை எடுத்து நீட்டினார். ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டார். போகவில்லை.

"அந்த லாரிய தொரத்திகினு போனாங்களே ஒரு அம்மா, அப்பால இன்னா ஆச்சு? எங்க ஊடு அந்த ஏரிக்கரைல தான் கீது."

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்தார். எழுந்து போய், குனிந்து, கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவிக்கொண்டு வந்தார். "இதுல இருக்கு... ஆனா நடுவுல பதினாறு பக்கம் இருக்காதுங்க."

"அதான் இதுல கீதே" என்று கையிலிருந்த தப்புப் பிரதியை நீட்டினார் தேசிங்கு அண்ணன். "அண்ணாத்தே, இந்தத் தப்புப் பொஸ்தகத்தையும் வச்சிக்கோ. ரெண்டும் சேந்தாத்தான் முழுசு."

பாய் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழம வண்டி வேணாம்னு சொல்லிடு" என்றார். கடைகளிலிருந்து தப்புப் பிரதிகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றோடும் ஒரு ஏரிப் புத்தகத்தைச் சேர்த்து நூல் போட்டுக் கட்டி அனுப்பினோம். தைரியம் வேண்டும் என்று வந்தவர்களோடு ஏரியும் வீட்டுக்குப் போனது. படிக்கட்டுக்கு அடியில் மறுபடி கால் வைக்க இடம் கிடைத்தது. மேடம் அன்றைக்கு எங்கள் முன்னாலேயே அழுதார்.

இப்போது நான் வீட்டிலிருந்தே லேஅவுட் செய்கிறேன். பிடிஎஃப் அனுப்பினால் முடிந்தது, ஒரு பக்கம் மாறாது. போனில் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைத் தொட்டால் வரிசையாக இன்னும் இருபது தன்னம்பிக்கைப் புத்தகம் காட்டுகிறது. ஏரியெல்லாம் வழியில் குறுக்கிடுவதே இல்லை...

போன மாதம் பாரிவாக்கத்தில் புது அபார்ட்மென்ட் ஒன்றுக்குப் போயிருந்தேன். லிஃப்ட் பக்கத்தில், வேண்டாத புத்தகங்களை வைக்கிற அலமாரி. அதில் நம்முடைய தப்புப் பிரதி, ஜோடி இல்லாமல். முன்பக்கங்கள் புதுசு மாதிரி. நான்காவது ஃபாரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி, லாரி நம்பருக்குக் கீழே பேனாக்கோடு.

போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அது இருக்கட்டும் கலா. அந்தப் பக்கம்தானே இருக்க? ஏரி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாயேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். கரையில் நின்று போனில் கூப்பிட்டேன். "பாதிதான் இருக்கு மேடம், மீதி பிளாட் ஆயிடுச்சு."

"பாதி இருக்குல்ல... அங்கயே நில்லு. ஒரு ஆட்டோ பிடிச்சு வரேன். தண்ணி பிடிக்க ஒரு பாட்டில் வாங்கி வை."