சதுக்கத்து மாரியம்மா

என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் அம்மா வந்திருந்தாள். திருவொற்றியூர்க் குப்பம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள், சொன்னால் சொன்னதுதான். எனக்கோ செக் நாட்டின் அந்தச் சின்னப் பழைய ஊரும், பம்பு செய்யும் ஆலையில் கிடைத்த வேலையும் பிடித்துப்போயிருந்தன. ஊரைச் சுற்றிக் காட்டினால் அவள் மனசு இளகும் என்று நம்பினேன்.

முதலில் கோட்டை வாசல். எதிரிப் படை ஊரையே கொளுத்தியபோதும் இது மட்டும் தப்பியது என்று அளந்தேன்.

"லாரி பூந்து வருமா?"

"வராதும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு வச்சினுகீறாங்கோ?"

நகர மன்றத்துக் கடிகாரத்தைக் காட்டினேன். மணிக்கூண்டு ராயபுரத்திலேயே இருக்கிறதாம். பீர் காய்ச்சும் பழைய ஆலைப் பக்கம் போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்தி, "இதுக்கு மணலி கம்பெனி நாத்தமே தேவலாம்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு எதுதாம்மா புடிக்கும்?" என்று கத்திவிட்டேன்.

"ஊரு ஜோராத்தான் கீது. ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஒனக்கு இங்க யாருடி கீறாங்கோ?"

அவள் கையைப் பிடித்து ஊர்ச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனேன். நடுவில் உயரமான கல்தூண், உச்சியில் ஒரு பெண் சிலை. அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"இது இன்னாது?"

"அந்தக் காலத்துல கொள்ளைநோய் வந்து ஊரே செத்துச்சாம். நோய் நின்னதும், வேண்டிக்கிட்டபடி கட்டினாங்களாம்."

"மேல நிக்கிறவ பேரு?"

"மரியா."

"மாரியா?"

நான் திருத்துவதற்குள் காலுறைமேல் மாட்டியிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டாள். காலுறையையும் உருவினாள். ஐப்பசிக் குளிரில் ஐஸாய்க் கிடந்த கல்லில், வெறுங்காலோடு தூணைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு மானம் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த செக் பாட்டி ஒருத்தி எழுந்து வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ செருப்பையும் காலுறையையும் ஈரத்திலிருந்து எடுத்துப்போய்த் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, செருப்புக்கு ஆளு கூடப் போட்டுகீறாங்கோ!" என்றாள் அம்மா, சுற்றிக்கொண்டே.

மூன்று சுற்று முடித்துக் கைகூப்பினாள். அவளுக்கு ஏலக் குரல்தான், மெதுவாக வேண்டிக்கொள்ளத் தெரியாது. சதுக்கமே திரும்பிப் பார்த்தது.

"எம்மா, எம் பொண்ணு இங்கதான் இருப்பேன்றா. ஒன்னிய நம்பி வுட்டுட்டுப் போறேன். பாத்துக்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஏமாற்றக் கூடாதே என்று, "ம்மா, அது மாதா" என்றேன்.

"போடி. ராயபுரத்துல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தாத கையா இது? நோயி வந்தப்ப ஊரைக் காப்பாத்துனவ எவளா இருந்தா இன்னா, அம்மா அம்மாதான்."

பாட்டியிடம் செருப்பை வாங்கிக்கொண்டு அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பாட்டி சிரித்துச் சிவந்துபோனாள்.

அம்மா தனியாகத்தான் ஊர் திரும்பினாள். குப்பத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாக்கா, பொண்ணு எங்க?" என்று கேட்டாளாம்.

"அவ அம்மா வூட்ல கீறா" என்று சொல்லிவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்.