முன்னே இரண்டு, பின்னே ஒன்று

கப்பல் எஞ்சினின் சத்தத்தை வைத்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவார் ஹானுஸ். முப்பத்தெட்டு வருஷம் மீன்பிடிக் கப்பல்களின் அடித்தளத்தில், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நடுவே காலம் தள்ளியவர். பரோ தீவுகளில் எங்கள் சந்தோய்த் தீவுப் பக்கம் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று மூன்று வாரம் ஆட்டி வைத்தது. ஒரே ஒரு டிவிடி.

மகள் சுன்வாவுக்குக் கோபன்ஹேகனில் கல்யாணம். டிக்கெட்டெல்லாம் எடுத்தாயிற்று. புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது அவர் மனைவி மார்யுன் முதியோர் இல்லத்தின் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக அவளுக்கு நடுக்க நோய். அவளுடைய அப்பாவுக்கும் அதுதான். அவளை விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட ஹானுஸுக்கு மனம் வரவில்லை. பெற்ற இரண்டு பேரும் இல்லாமலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் எல்லாவற்றையும் கேமராவில் பிடித்து, சின்ன யூஎஸ்பி குச்சி ஒன்றில் போட்டு அனுப்பினான்.

முதியோர் இல்லத்து அறையில் இருந்ததோ பழைய டிவியும் டிவிடி பெட்டியும்தான். குச்சியைச் செருக அதில் இடமே கிடையாது. 'இதென்ன பெரிய வித்தை' என்று ஹானுஸ் தன் கம்ப்யூட்டரில் அதை டிவிடியாக மாற்றினார். கம்ப்யூட்டர் திரையில் அருமையாக ஓடியது. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு டிவியிலும் ஓட்டிப் பார்த்தார். எந்த இடத்தை? கல்யாண ஆட்டத்தை. வேறு எதைப் பார்ப்பார்! கல்யாணம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வட்ட ஆட்டம்தான். அத்தனை பேரும் கைகோத்து, பழம்பாட்டை நூறு வரி, இருநூறு வரி என்று பாடிக்கொண்டு, இடப்பக்கம் இரண்டடி முன்னே, வலப்பக்கம் ஓரடி பின்னே என்று தரை அதிர மிதிப்பார்கள். திரையிலும் எல்லோரும் முன்னே போய்ப் பின்னே வந்து குலுங்கினார்கள். ஹானுஸ் சோபாவில் உட்கார்ந்தபடியே காலால் தாளம் போட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். தட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இல்லத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே மார்யுனின் தலையணையை உயர்த்திவைத்து, படத்தை ஓடவிட்டார். கல்யாண மண்டபம். வெள்ளை உடையில் சுன்வா மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் கல்யாணச் சமையல்காரம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போகிறாள். போகிறாளா! வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒரு தாவல் முன்னே, ஒரு நடுக்கம் பின்னே. தோளும் தலையும் கையும் உதறுகின்றன.

மார்யுன் நடுங்கும் விரலைத் திரையை நோக்கி நீட்டினாள்.

"அவளுக்கும் வந்துருச்சு, ஹானுஸ்."

"சே, என்ன பேச்சு இது? மெஷின் கோளாறு. நல்லா பாரு, பாதிரியாரும்தான் துள்றார்."

"பாதிரியார யாரு பாத்தா? நான் எம் பொண்ணப் பாத்தேன்."

"நான் சரி பண்ணிக் கொண்டாரேன். அப்பப் பாரு, அவ எப்படி நடக்கறான்னு."

"பண்ணு," என்றாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று மதியம் அவளுக்குப் பிடித்த மீன் உருண்டை அப்படியே ஆறிப்போனது.

அதன்பின் ஹானுஸ் பட்ட பாட்டை என்ன சொல்ல. தட்டு மட்டம் என்றார்கள், விலை கூடின தட்டு வாங்கினார். தட்டில் வேகமாகப் பதித்தால் துள்ளும் என்றார்கள், ஆமை வேகத்தில் பதித்தார். படத்தின் தரத்தைக் குறைத்தார். மூஞ்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன, துள்ளல் மட்டும் அப்படியே இருந்தது. டிவிடி பெட்டிக்குள் இருந்த சின்னக் கண்ணாடியைச் சாராயம் தொட்டுத் துடைத்தார். எஞ்சின் என்றால் திறந்து பார்க்கலாம், தட்டிக் கேட்கலாம், அதன் பரம்பரையையே திட்டலாம். இதை எங்கே தட்டுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் தேன் மாதிரி வழிகிற படம் டிவிக்குப் போனதும் ஜன்னி கண்டதுபோல் உதறியது. எட்டுத் தட்டு வீண்.

இதற்கு நடுவில் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா என்னமோ நினைச்சுக்கிட்டு அழறா. நீ நல்லாத்தானே இருக்க?"

"எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து இடது தோள்தான் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அம்மாகிட்ட நான் வேணா பேசட்டா?"

மார்யுனின் காதில் போனை வைத்தார். மகள் சொன்னதையெல்லாம் கேட்டு உம் கொட்டினாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "போன்ல நடை தெரியுமா?" என்றாள்.

மூன்றாவது வாரம், வேறு வழியே இல்லாமல் பவ்லியிடம் போய் நின்றார். பவ்லி ஒரு காலத்தில் அவரோடு கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். இப்போது ஊர்க் கால்பந்து ஆட்டங்களைப் படம் பிடித்துத் தட்டில் போட்டு விற்கிறான். அவன் வாய்க்குப் பயந்துதான் ஹானுஸ் இத்தனை நாள் போகாமல் இருந்தார்.

"வாய்யா, எஞ்சின் டாக்டர். வழி தவறி வந்துட்டியா?"

"கிண்டல அப்புறம் வச்சுக்க. இதப் பாரு."

பவ்லி தன் டிவியில் தட்டைப் போட்டான். காய்ந்த ஆட்டிறைச்சியை வாயில் மென்றபடி ஒரு நிமிஷம் பார்த்தான்.

"இந்தா, சாப்பாட்டுத் தட்டெடுத்துட்டுப் போறானே ஒரு ஆளு, அவனும் முன்னே பின்னே போறான். அவனென்ன, கல்யாண ஆட்டமா ஆடறான்? ஆமா, மொதல்ல நீ எத வச்சுச் சரி பாத்த?"

ஹானுஸ் வேறெங்கோ பார்த்தார். "ஆட்டத்த."

பவ்லி சிரித்த சிரிப்பில் இறைச்சி புரையேறியது. "யோவ், நம்ம ஊர்க்காரனத் தவிர ஒலகத்துல எவனும் இந்தத் தப்பப் பண்ண முடியாதுய்யா."

அப்புறம் விளக்கினான். இந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பிடிக்கிறது. முதல் பாதி பிடித்தபின் கண்ணிமைக்கும் நேரம் கழித்து அடுத்த பாதி. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். டிவியோ ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். மாற்றும்போது எது முந்தி, எது பிந்தி என்று தப்பாகச் சொல்லிவிட்டால், பிந்தி நடந்தது முந்தி வரும். ஆள் முன்னே போய்ப் பின்னே வருவான், முன்னே போய்ப் பின்னே வருவான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்." ஹானுஸ் கொண்டுவந்த குச்சியைத் தன் கம்ப்யூட்டரில் செருகித் திரையைக் காட்டினான். "இங்க 'கீழ்ப்பாதி முதலில்'னு இருக்கா? 'மேல்பாதி முதலில்'னு மாத்து. முடிஞ்சுது. எட்டுத் தட்டப் பாழாக்கிட்டியே, கிழவா."

முடிந்தேவிட்டது. ஒன்பதாவது தட்டில் சுன்வா வெண்ணெய் மாதிரி நடந்தாள். பவ்லியின் வீட்டில் நின்றபடியே பாதிரியாரைப் பார்த்தார், சாப்பாட்டுத் தட்டெடுப்பவனைப் பார்த்தார். ஒருத்தருக்கும் துள்ளல் இல்லை. சந்தோஷத்தில் ஹானுஸுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய தட்டையும் பையில் போட்டுக்கொண்டார். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, 'பாத்தியா, மெஷின்தான்' என்று அவள் வாயை அடைக்க வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தட்டைப் போட்டார். சுன்வா மண்டபத்தின் குறுக்கே நடந்தாள். நிமிர்ந்த நடை, சிரித்த முகம்.

"இப்ப என்ன சொல்ற? நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?"

மார்யுன் மறுபடி போடச் சொல்லிக் கையசைத்தாள். போட்டார். இன்னொரு தரமும் போட்டார்.

"இடது கையப் பாரு," என்றாள்.

ஹானுஸ் பார்த்தார். வலது கை நடைக்கு ஏற்ப வீசி வீசி வந்தது. இடது கை வீசவில்லை. முழங்கையில் லேசாக மடங்கி, இடுப்போடு ஒட்டி, கழுத்தோடு கட்டுப்போட்டுத் தொங்கவிட்டதுபோல் கூடவே வந்தது. சமையல்காரம்மாவைக் கட்டிப்பிடித்தபோதும் அவள் முதுகில் விழுந்தது ஒரு கைதான். படம் தெளிந்ததும் அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கை வீசலன்னு எங்கப்பாதான் மொதல்ல கண்டுபிடிச்சார். அன்னைக்கு நான் பாத்தது இதத்தான், ஹானுஸ். நீ மெஷின் மெஷின்னு ஓடின. அதாவே இருக்கட்டும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."

இடது தோள் பிடித்திருக்கிறது என்று போனில் மகள் சொன்னது அப்போதுதான் ஹானுஸுக்கு உறைத்தது. ஆயுள் முழுக்க எதையாவது சரிசெய்த அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

அவர் கண்ணைத் துடைத்ததும் மார்யுன் கேட்டாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தோள் பிடிச்சிருக்குன்னு நெனச்சிட்டிருக்கா."

"நாளைக்குச் சொல்லுவோம். அந்தப் பழைய தட்டு கையில இருக்கா?"

"இருக்கு."

"அதப் போடு. அதுல எல்லாருக்கும்தான் நடுங்குது."

ஹானுஸ் புதுத் தட்டை எடுத்துவிட்டு, பழையதைப் போட்டார்.