குறுக்கே போட்ட பலகைகள்

சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் நான்காம் மாடியில் இருந்த பரமசிவத்துக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு சைக்கிள் பாதையை அவர்தான் பார்த்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருபது வருடம் மூட்டை தூக்கியவர். கன்டெய்னர்கள் வந்து அங்கே ஆள் குறைத்தபோது மனைவி மங்களத்தோடும் மகள் சந்திரமதியோடும் இங்கே குடிவந்தார். மங்களம் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போவார். 1978இல் ஒரு காலை, ஜொகூர் பக்கம் போன லாரி ஒன்று பெரிய சாலையில் அவரை மோதியது. வீட்டுக்குச் சைக்கிள் மட்டும்தான் திரும்பி வந்தது.

மறு வருடம் சந்திரமதிக்கும் அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதே சாலையில் மகளும் போகவேண்டும் என்பதைப் பரமசிவத்தால் தாங்க முடியவில்லை. புளோக்குக்குப் பின்னால் லாலான் புல் மூடிக்கிடந்த ஒரு தடம், வடிகாலைத் தாண்டித் தொழிற்சாலை வரை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லை வெட்டினார். குழிகளில் உடைந்த செங்கல்லைப் போட்டு மிதித்தார். வடிகாலின்மேல் இரண்டு நீளப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னண்ணே, பி.டபிள்யூ.டி.ல எப்ப சேர்ந்தீங்க?” என்று கீழ்வீட்டு பிரிஜட் கேலி செய்தார்.

“அவங்க வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்லா. நீ பெல் அடிச்சுக்கிட்டுப் போ.”

காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் நாங்கள் முப்பது பேர் அந்த வழிக்கு மாறினோம். நான்கு மாதம் கழித்து, பிரிஜட்டின் முன்சக்கரம் இரண்டு பலகைகளுக்கும் நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. வடிகாலில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது.

துறைமுகத்தில் பலகையை நீளவாக்கில்தான் போடுவார்கள். மூட்டையோடு நடக்கிற காலுக்கு இடைவெளி ஒரு பொருட்டில்லை. வெயிலில் மரம் சுருங்கியதைப் பரமசிவம் பார்த்துமிருந்தார். அதன்மேல் தினமும் நடந்தும் பார்த்தார். சக்கரத்துக்கு அந்த இடைவெளி என்ன செய்யும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லாரும் பெரிய சாலைக்கே திரும்பினோம். சந்திரமதியும்தான்.

“நீயுமா, சந்திரா?”

“எல்லாரும் அதுலதான்பா போறாங்க. நான் மட்டும் எப்படி?”

பரமசிவம் பிரிஜட் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றார்.

“என்னாலதான்மா.”

“உள்ள வாங்கண்ணே. கை ஒடஞ்சது எனக்கு, மொகம் செத்துப்போனது உங்களுக்கா?” என்றார் பிரிஜட். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வேற பலகைய அறுத்து, இது மேல குறுக்கால அடிங்க. சக்கரம் விழாது.”

அப்படியே செய்தார். மூன்று நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் காலை அவர் மங்களத்தின் சைக்கிளை வெளியே எடுத்தார். அது வளைந்த கைப்பிடியோடு ஒரு வருடமாகக் கதவுக்குப் பின்னால் நின்றது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வடிகாலுக்குப் போனார். பலகைகளின்மேல் அதைத் தள்ளிக்கொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தார். பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் நாங்கள் காலை ஊன்றி நின்று பார்த்தோம்.

வேலைக்குப் போகாத பிரிஜட்டும் அங்கே வந்திருந்தார். “போ, சந்திரா. நான் இங்கயேதான் நிக்கிறேன்,” என்றார்.

அம்மாவின் சைக்கிளை அப்பா ஓரமாகப் பிடித்துக்கொள்ள, சந்திரமதி தன் சைக்கிளில் ஏறினாள். ஒவ்வொரு பலகையும் சக்கரத்துக்கு அடியில் ஒரு தரம் சத்தமிட்டது. அவள் அந்தக் கரையில் இறங்கும்வரை பரமசிவம் கண்ணைத் திறக்கவில்லை.

1985இல், நாங்கள் மறுபடி போய்வந்துகொண்டிருந்த அந்தத் தடத்துக்கு பி.டபிள்யூ.டி.காரர்கள் தார் போட்டு, வடிகாலின்மேல் சிமெண்டுப் பாலம் கட்டினார்கள். திறந்த அன்றைக்கு அவர் வளைந்த கைப்பிடிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் அதன் சக்கரத்தைப் பாலத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, எங்களைப் போகச் சொன்னார்.