ஒரே நாளில் வேய்ந்த கூரை

பதினோரு வருஷமாக ஒழுகிய குடிசைக்குப் பண்ணையார் ராசிட்டர் ஒரே நாளில் கூரை வேய்ந்தான். இரக்கத்தால் அல்ல, பயத்தால். மறுநாள் கவுன்சில் அதிகாரி வருகிறார். குடிசை மனிதர் வாழ லாயக்கில்லை என்று அவர் எழுதிவிட்டால், அதில் குடியிருக்கும் கூலிக்காரன் ஜெம்முக்குக் கல்வீடு கட்டித் தருவார்கள். அதற்கு அரை ஏக்கரை ராசிட்டரின் வயலிலிருந்தே பிடுங்குவார்கள். அந்தக் கூலிக்காரர் வீட்டுச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலே எங்கள் வெக்ஸ்போர்டு வட்டாரப் பண்ணையார்களுக்கு வயிறு எரியும்.

அழுகிய வைக்கோல் மேலேயே புது வைக்கோலைப் போர்த்தினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஜெம்மையே ஏவினான் ராசிட்டர். அந்த மண்டூகமும் அடித்தான்! அவன் மனைவி பிரைடி, அந்த ஈரத்தில் இரண்டு பிள்ளைகளை இருமலுக்குக் கொடுத்தவள். மூன்றாவது தொட்டிலில் இருமிக்கொண்டிருந்தது.

"உனக்கு வெக்கமா இல்லையாய்யா?"

"அடிக்கலேன்னா வேலை போயிடும்டி."

"பிள்ளை போனா பரவாயில்ல, அப்படித்தானே?"

காலையில் அதிகாரி வந்தார். பக்கத்துக் குடிசைக்காரி நான், வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவரைக் கண்டு அவர் தலையாட்டினார்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"ராசா மாதிரி வச்சிருக்கேன் சார்," என்றான் ராசிட்டர். "டேய் ஜெம், சொல்லுடா!"

ஜெம் தொப்பியைக் கசக்கிக்கொண்டே, "ஆமாங்க," என்றான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

பிரைடி கணப்படுப்பிலிருந்த இரும்பு இடுக்கியை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓங்கிக் குத்தினாள். ஈரமண் பொலபொலவென்று உதிர, இடுக்கி மறுபக்கம் போய் நின்றது. வெளியே ஒரு கோழி அலறியது.

"காத்தோட்டமான வீடு சார்," என்றாள். "ராசா வந்து படுத்துக்கட்டும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அடுத்த வருஷம் ராசிட்டரின் வாசலுக்கு எதிரிலேயே, அவனுடைய நல்ல மண்ணில், வீடு எழும்பியது. முழங்கை அகலக் கல்சுவர், கற்பலகைக் கூரை, புகையை ஒழுங்காக இழுக்கும் சிம்னி, படுக்கையறைக்கு மரத்தளம். குழந்தையின் இருமல் நின்றது. ஆனால் ராசிட்டர் ஜெம்மை வேலையிலிருந்து விரட்டிவிட்டான். சுற்றுவட்டாரத்தில் வேறெந்தப் பண்ணையாரும் அவனைச் சேர்க்கவில்லை. ஜெம் தினமும் ஒன்பது மைல் நடந்து கல் குவாரி வேலைக்குப் போனான். எல்லாம் இவளால் வந்த வினை என்று, குளிர்காலம் முழுக்க மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வசந்தத்தில் ஒருநாள், சாப்பிட அவித்த உருளைக்கிழங்கை உரித்தபடி மெல்லச் சொன்னான்:

"வீடு நல்லாத்தான் இருக்குடி."

பிரைடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஆமாங்கன்னு சொன்ன வாய்தானே அது? மூடிக்கிட்டுத் தின்னு."